மொரீசியஸ் தீவில் பன்னிரண்டு நாட்கள்

ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் பெரும்பாலும் உறவினர் வீட்டுக்குப் போவதுதான். லண்டனில் ஒரு கலியாணம், ஜேர்மனியில் ஒரு சாமத்தியவீடு, சுவிசில் ஒரு கோயில் திருவிழா என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இம்முறை மட்டும், உறவென்று சொல்ல ஒருவரும் இல்லாத ஒரு தீவுக்குப் போய் வந்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா, ஆக ஐந்து பேர்.

அம்மாவின் ஆசைதான் காரணம். அவவிடம் இருப்பது அகதிகளுக்கான பிரயாணப் பத்திரம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர, என்பதே அதன் பொருள். “ஊர் இல்லாட்டிலும் பரவாயில்லை. வேலியில முருங்கை நிக்கிற இடம் ஒண்டைப் பாத்தாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தா. பரிசிலிருந்து ஏறத்தாழ பதினொரு மணிநேர விமானப் பயணத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதைத் தெரிந்துகொண்டபோது, இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

தீவும் துறைமுகமும்

மொரீசியஸ் இந்து சமுத்திரத்தில் மடகஸ்காருக்குக் கிழக்கே 800 கிலோ மீற்றருக்குச் சற்று அப்பால் இருக்கிறது. யாழ் மாவட்டத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிலப்பரப்பு. சனத்தொகை 12 இலட்சத்துக்குச் சற்று மேல். 1598இல் ஒல்லாந்தர் வந்து தங்கள் இளவரசர் மொறிற்சின் பெயரை வைத்தார்கள். பறக்கத் தெரியாத ‘டோடோ’ என்ற பறவை, அவர்கள் காலடி வைத்து நூறு வருடத்துக்குள் அழிந்தே போயிற்று. அதன் எலும்புக்கூட்டை போர்ட் லூயி நூதனசாலையில் பார்க்கலாம். 1715இல் பிரெஞ்சுக்காரரும் 1810இல் ஆங்கிலேயரும் தீவைக் கைப்பற்றினார்கள். 1968 மார்ச் 12இல் சுதந்திரம் கிடைத்தது. 1992இல் குடியரசானபோது முதலாவது சனாதிபதியானவர் சேர் வீராசாமி ரிங்காடு என்ற தமிழர்.

தலைநகரான போர்ட் லூயி ஒரு துறைமுகப் பட்டினம். முன்னால் கடல், பின்னால் அரைவட்டமாக மலைகள். பெருவிரலைப் போல நிற்கும் ஒரு மலைக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘பீட்டர் போத்’ என்ற இன்னொன்றின் உச்சியில் பெரிய பாறையொன்று தலை வைத்ததுபோல் இருக்கிறது. அது எப்போது விழும் என்று சின்னவன் பன்னிரண்டு நாளும் கேட்டான்.

இந்தத் துறைமுகத்தைப் பட்டினமாக்கியவர் 1735இல் வந்த பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே. அவர் காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர், தச்சர் எனக் கைவினைஞர் பலர் கொண்டுவரப்பட்டார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அவர்களுக்குள் உண்டு. பட்டினத்தின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பெயர். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் தமிழரை மலபார்கள் என்றே அழைத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆட்கள் வருவதற்கு நூறு வருடம் முன்னரே, இந்த ஊரின் சுவர்களைக் கட்டியவர்களில் தமிழர் இருந்திருக்கிறார்கள்.

கப்பலால் இறங்கிய படிகள்

துறைமுகத்தின் ஓரமாக ‘ஆப்ரவாசி காட்’ இருக்கிறது. குடிபெயர்ந்தோர் துறை என்று பொருள். முன்பு கூலித் துறை என்றே அழைத்தார்கள். ஆங்கிலேயர் 1835 பெப்ரவரி 1இல் இங்கு அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! அதற்கு முதல் வருடமே, 1834 நவம்பர் 2இல், ‘அற்லஸ்’ என்ற கப்பலில் இந்தியத் தொழிலாளர் 36 பேர் வந்து இறங்கினார்கள். 1920 வரை கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைகளிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். பெரும்பாலோர் பீகாரிகள். சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அடுத்த பெரும் பகுதியினர்.

இப்போது எஞ்சியிருப்பது 1849இல் தொடங்கிய கட்டடங்களின் சிறு பகுதிதான். கருங்கற் சுவர்கள், வைத்திய அறைகள், சமையற்கட்டு, மலசலகூடத்தின் அடித்தளம், கடலிலிருந்து ஏறும் சில கற்படிகள். 2006இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக்கியது. பக்கத்திலேயே ஒரு விளக்க நிலையமும் உண்டு.

வந்தவர்களை இங்கே ஓரிரு நாள் வைத்திருந்து, பெயர் பதிந்து, இலக்கம் கொடுத்து, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பெரும்பாலும் ஐந்து வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தவர்களும் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் புகைப்படம் ஒட்டிய பத்திரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் அகப்பட்டால் மறியல். இந்தக் கொடுமைகளை எதிர்த்து 1871இல் அடோல்ப் டி பிளெவிற்ஸ் என்பவர் தொழிலாளரின் மனுவொன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அடுத்த வருடம் லண்டனிலிருந்து விசாரணைக்குழு வந்தது.

அந்தப் பழைய படங்களின் முன்னால் நாங்கள் நெடுநேரம் நின்றோம். மேலாடை இல்லாத ஆண்கள், மூக்குத்தியோடு பெண்கள், கீழே இலக்கம். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அம்மா தன் கைப்பையைத் திறந்து, அகதி அலுவலகம் கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா. அதில் உள்ள படத்திலும் சிரிப்பில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பட்டது வேறு, நாங்கள் பட்டது வேறு. ஆனால் ஒரு கந்தோரில் வரிசையில் நின்று, பெயரைப் பிழையாக எழுதுவதைப் பார்த்தும் பேசாமல் இருந்த அனுபவம் நம்மெல்லோருக்கும் உண்டுதானே?

பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். ஆங்கில எழுதுவினைஞரும் பிரெஞ்சு எழுதுவினைஞரும் தம் காதில் விழுந்தபடி எழுதியதில், ரெங்கநாதன் ‘ரெங்கனாடென்’ ஆனார். சீனிவாசன் ‘சீனிவாசென்’ ஆனார். முருகன் ‘மூர்கென்’ ஆனார். இன்று கடைப் பலகைகளில் இப்படியான பெயர்களைக் காணலாம். ஒருமுறை வாய்விட்டு வாசித்தால்தான் உள்ளே இருக்கும் தமிழ் கேட்கும்.

சந்தையில் அம்மா

மத்திய சந்தைக்குள் நுழைந்ததும் அம்மாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. முருங்கையிலை, கறிவேப்பிலை, பீர்க்கு, பாகல் எல்லாம் குவியல் குவியலாக. அங்குள்ளவர் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த மொழி. அம்மாவுக்குப் பிரெஞ்சே சரியாக வராது. கறிவேப்பிலையைக் காட்டி என்னவென்று சைகையால் கேட்டா. “காரிபூலே” என்றார் கடைக்காரர். முருங்கைக்கீரை ‘பிரேட் மூரூம்’. பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. இரசம் ‘ரசோன்’. அம்மா சிரித்துச் சிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டா. தமிழர் மட்டுமல்ல, ஆபிரிக்க வம்சாவளியினரும் சீனரும் முஸ்லிம்களும் இந்தச் சொற்களைத்தான் சொல்கிறார்கள். அவை தமிழ்ச் சொற்கள் என்பது அவர்களிற் பலருக்குத் தெரியாது.

சந்தையில் வாங்கி நின்றபடியே சாப்பிட இரண்டு பண்டங்கள். ஒன்று ‘டோல் பூரி’, பருப்பு வைத்துத் தட்டிய மெல்லிய ரொட்டிக்குள் கறியும் சட்னியும். மற்றது ‘காத்தோ பிமா’, நம் கடலைப்பருப்பு வடையேதான், அளவில் சிறியது. பிள்ளைகள் முதல் நாளே வயிறு முட்டத் தின்றார்கள். தமிழர் வீட்டு விசேடங்களில் ‘ஏழு கறி’ என்று வாழையிலையில் சோற்றோடு பரிமாறுவார்கள். எந்த மதத்தவரானாலும் அதற்கு அழைப்பு வந்தால் விடமாட்டார்களாம்.

சுற்றிப் பார்த்தவை

பட்டினத்துக்கு வடக்கே பாம்பிள்மூஸ் தாவரவியற் பூங்கா. பெரிய தாம்பாளம் போன்ற இலைகளோடு அல்லிகள் மிதக்கும் குளம் எல்லாப் படங்களிலும் வருவது. எங்களைக் கவர்ந்தது தாளிப்பனை. பல பத்து வருடங்களுக்குப் பிறகு ஒரேயொரு முறை பூத்துக் காய்த்து, அத்தோடு பட்டுப்போகும் மரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் சாதிக்காய், கராம்புக் கன்றுகளை ஒல்லாந்தரின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து நட்டதும் இங்கேதான்.

தெற்கே சமரெல் என்ற இடத்தில் உயரமான நீர்வீழ்ச்சியும், எரிமலைப் பாறை சிதைந்து உண்டான பல நிற மண்மேடுகளும் உண்டு. மழைக்குப் பின் வெயில் அடித்தால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கினால் லெ மோர்ன் மலை, 556 மீற்றர், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அதன் குகைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலை கிடைத்ததை அறிவிக்கப் பொலிசார் ஏறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணிச் சிலர் கீழே குதித்து இறந்ததாக வாய்வழிக் கதை உண்டு. 2008இல் இதுவும் உலக மரபுரிமைச் சின்னமாகியது.

போர்ட் லூயியிலேயே குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. 1812இல் தொடங்கியது, சுதந்திரக் கொடி ஏறியதும் அங்கேதான். கோடன் துறைமுக முகப்பிலுள்ள ‘புளூ பென்னி’ நூதனசாலையில் 1847ஆம் ஆண்டு முத்திரைகள் இரண்டை வைத்திருக்கிறார்கள். ஒளி பட்டால் நிறம் மங்கும் என்பதால் குறித்த நேரங்களில் சில நிமிடங்கள் மட்டும் வெளிச்சம் போடுவார்கள். நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை இருப்பதால் கரையோரக் கடல் அலையின்றி இருக்கும். பிள்ளைகள் நான்கு நாளை அதிலேயே கழித்தார்கள்.

செம்பில் இருந்த எழுத்து

பட்டினத்தின் புறநகரான சென்ற் குறுவாவில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயில் இருக்கிறது. உள்ளூரில் கைலாசம் கோயில் என்றால்தான் தெரியும். அருகிலேயே கத்தோலிக்கரின் லவால் பாதிரியார் கல்லறை. செப்ரம்பர் மாதத்தில் எல்லாச் சமயத்தவரும் அங்கே நடந்து போவார்களாம்.

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. பூசை முடிய வயதான ஓர் அம்மா தேவாரம் பாடினா. “எவ்வளவு வடிவாப் பாடுறா!” என்று எங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாடி முடிந்ததும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலே பேசத் தொடங்கினா. அந்த அம்மா சிரித்தபடி “வணக்கம், வணக்கம்” என்றா. அதற்குமேல் அவவுக்குத் தமிழ் தெரியாது. பாட்டுக் கொப்பியைப் பார்த்தால் தேவாரம் முழுவதும் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறது. பேத்தியும் அம்மம்மாவுமாக இரண்டு தமிழ்ப் பெண்களுக்கு நடுவில் எங்கள் மகள் நின்று பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிடப்போவதாக ஒரு வருடமாக எங்களோடு வாதாடிக்கொண்டிருப்பவள்.

அடுத்த நாள் அந்த அம்மா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தா. சாமியறையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அவவின் பூட்டி கப்பலில் கொண்டுவந்ததாம். வாய் விளிம்பின் கீழே புள்ளி புள்ளியாகப் பொழிந்த எழுத்துகள். இரண்டு தலைமுறையாக வீட்டில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. சாமியின் பெயர் என்று எண்ணி விபூதி பூசி வைத்திருந்தார்கள்.

எங்கள் மகளிடம் செம்பைக் கொடுத்தார்கள். அவள் யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் பொழிந்திருந்ததால் தடுமாறினாள். அம்மம்மா உதவி செய்ய, எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். சாமியின் பெயர் அல்ல. ஒரு பெண்ணின் பெயர், பிறகு ஓர் ஊரின் பெயர்.

அறையில் சத்தமில்லை. அந்த அம்மா ஊரின் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தா. பிறகு பாட்டுக் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயரையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதினா. கீழே தமிழிலும் எழுதித் தரச் சொல்லி மகளிடம் பேனையைக் கொடுத்தா. மோக்கா என்ற இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடிவந்தோரின் பதிவேடுகளும் படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. பெயரும் ஊரும் தெரிந்தால் தேடுவது சுலபம், வருகிற கிழமையே போகப்போகிறேன் என்றார் பேரன்.

திரும்பி வரும் வழியில் மகள் ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏன் புள்ளி வைக்காமல் எழுதினவை?” பழைய காலத்தில் ஓலையிலும் செம்பிலும் அப்படித்தான் எழுதினார்கள் என்றோம். வகுப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வாசிக்கத் தெரியாத எழுத்துக்காக

மொரீசியஸ் நாணயத்தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருக்கிறது. அதன் பிறகுதான் இந்தி. நூறு ரூபாய்த் தாளில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவரின் படமும் உண்டு. 1998இல் புதிய தாள்கள் அச்சிட்டபோது இந்தியை முன்னுக்கும் தமிழைப் பின்னுக்கும் வைத்துவிட்டார்கள். தமிழர் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய ஒழுங்கில் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. வீட்டில் தமிழ் பேசுவோர் அங்கே மிகச் சிலரே. தங்களிற் பலருக்கு வாசிக்கவே தெரியாத எழுத்துக்காக அவர்கள் போராடினார்கள்.

தைப்பூசக் காவடி அங்கே தேசிய விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து, பூவாலும் பச்சை இலையாலும் காவடி கட்டி, ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை நடக்கிறார்கள். கோயில் இருக்கிறது, விரதம் இருக்கிறது, காவடி இருக்கிறது, பெயர் இருக்கிறது. பேச்சு மட்டும் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. தோட்டத்தில் பல மொழிக்காரரோடு கலந்து வேலை, பிள்ளைக்குப் படிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், ஊரோடு கடிதத் தொடர்புமில்லை. அப்படியிருந்தும் இத்தனையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது ஆரம்பப் பாடசாலைகளில் தமிழை ஒரு பாடமாகவும் படிக்கலாம். தொலைத்ததைத் தேடி எடுக்கிறார்கள்.

நமக்கோ தொலைபேசி இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, சனிக்கிழமைப் பள்ளி இருக்கிறது, வீட்டில் அம்மம்மா இருக்கிறா. ஆனாலும் அவர்களுக்கு மூன்று நான்கு தலைமுறையில் நடந்தது நமக்கு ஒரே தலைமுறையில் நடந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கு வந்தது. கோயில் கட்டினால் சமயம் நிற்கும் என்பதை அந்தத் தீவில் பார்த்தோம். மொழி நிற்பதற்குச் சாப்பாட்டு மேசையில் பேசவேண்டும். வேறு வழி இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

போக விரும்புவோருக்கு

அகதிப் பிரயாணப் பத்திரம் வைத்திருப்பவர்கள் பயணச்சீட்டு வாங்க முதல் மொரீசியஸ் தூதரகத்தில் விசாவைப் பற்றி விசாரித்து, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் அம்மாவுக்காகச் சில மாதம் முன்பே தொடங்கினோம். ஜூலை, ஓகஸ்ட் அங்கே குளிர்காலம். ஆனால் நம் இளவேனிலைவிட இதமானது. ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளி வரக்கூடும், தைப்பூசமும் அந்தக் காலத்தை ஒட்டியே வரும். விமானநிலையம் தென்கிழக்கில், போர்ட் லூயி வடமேற்கில். பஸ் எல்லா இடத்துக்கும் உண்டு, 2020 முதல் போர்ட் லூயியிலிருந்து மெற்றோ ரயிலும் ஓடுகிறது. பெரிய விடுதிகளில் செலவு அதிகம். சமையலறையோடு வீடு எடுத்தால் சந்தையில் வாங்கிச் சமைக்கலாம், முருங்கைக்கீரை உட்பட.

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஊரில் இன்னும் எத்தனையோ செம்புகள் இருக்கும்.